தனக்குத் தானே நீதிபதி

ஜான் ஹஸ்டன் இயக்கிய 'நீதிபதி ராய் பீனின் வாழ்வும் காலமும்' படத்தைப் பார்த்தவர்கள் மற்றதையெல்லாம் மறந்தாலும் ஒரு ஓட்டையை மறக்க மாட்டார்கள். பேட் பாப் என்று ஒருவன் ஊருக்குள் வருகிறான். சுண்ணாம்பு பூசியது போல வெளிறிய உடம்பு, வெள்ளை முடி. கொதிக்கிற காப்பியைப் பாத்திரத்தோடு தூக்கி வாயில் கவிழ்த்துக்கொள்கிறான். தெரு நடுவில் நின்றுகொண்டு, வெளியே வா என்று நீதிபதியைச் சண்டைக்குக் கூப்பிடுகிறான். முதுகுப் பக்கமிருந்து குண்டு வருகிறது. அவன் உடம்பின் நடுவே வட்டமாக ஒரு துவாரம். அதன் வழியே அந்தப் பக்கத்து வெட்டவெளி தெரிகிறது. ஒளிந்திருந்து சுட்டது சாட்சாத் நீதிபதியேதான். நேருக்கு நேர் நின்று சுடவில்லையே என்ற பேச்சு வந்தபோது, குறி தவறக் கூடாது என்று படுத்துக்கொண்டு சுட்டேன் என்கிறார்.

நானும் சிரித்தேன். இரண்டாம் முறை பார்த்தபோதும் சிரித்தேன். கௌபாய் படங்கள் எழுபது வருஷம் கட்டி எழுப்பிய நேருக்கு நேர் துப்பாக்கிச் சண்டை என்ற புனிதச் சடங்கை ஒரே ஓட்டையில் கவிழ்த்துவிட்டார்களே என்ற சந்தோஷம். மூன்றாம் முறைதான் வேறொன்று உறுத்தியது. முதுகில் சுட்டவன் அந்த ஊரின் சட்டம். அவனைத் திருப்பிக் கேட்க அந்த ஊரில் யாரும் இல்லை. படத்திலும் யாரும் இல்லை. 1972இல் வெளிவந்த இந்தப் படத்தின் பலமும் கோளாறும் அந்த ஒரு காட்சியிலேயே இருக்கின்றன. தன் நீதிபதியை விசாரிப்பது போல உட்கார்ந்து, கடைசியில் அவனுக்கு வக்காலத்து வாங்கிவிட்டு எழுந்து போகிற படம் இது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸ் மாநிலத்தில் பேக்கோஸ் ஆற்றுக்கு மேற்கே, வினிகரூன் என்ற பாழிடம். அங்கே ஒரு சலூன். சலூன் என்றால் நமக்கு முடிவெட்டுகிற இடம். கௌபாய் படங்களில் மதுக்கடை. வங்கியைக் கொள்ளையடித்த கதையைப் பெருமையடித்தபடி ராய் பீன் அதற்குள் நுழைகிறான். இருப்பவர்கள் அவனை அடித்து, இருந்ததைப் பிடுங்கி, கழுத்தில் சுருக்கு மாட்டிக் குதிரையில் கட்டி விரட்டுகிறார்கள். கயிறு அறுகிறது. மரியா எலெனா என்ற மெக்சிகப் பெண் அவனுக்குத் துப்பாக்கி கொண்டுவந்து கொடுக்கிறாள். திரும்பிப் போய் உள்ளே இருந்த எல்லாரையும் சுட்டுத் தள்ளுகிறான். பிணங்களைப் புதைக்க ஒரு பாதிரியார் வந்து சேர்கிறார். சலூன் கோர்ட்டாகிறது, பீன் நீதிபதியாகிறான். அடுத்து வந்த கொள்ளைக் கூட்டத்தையே மார்ஷல்களாக நியமித்து, பிடிபடுகிறவர்களைத் தூக்கிலிட்டு அவர்கள் பணத்தில் ஊரைக் கட்டுகிறான். சுவரில் லில்லி லாங்ட்ரி என்ற நடிகையின் படம். அவள்தான் அவனுக்குக் குலதெய்வம். பிறகு ஒரு வக்கீல் வருகிறான், ஊர் கைமாறுகிறது, எண்ணெய் பீறிடுகிறது, கிழட்டு நீதிபதி திரும்பி வந்து ஊரைக் கொளுத்திவிட்டு நெருப்புக்குள் மறைகிறான்.

ராய் பீன் நிஜமாகவே இருந்த மனிதர். குழப்பம் வராமலிருக்க, திரையில் இருப்பவனை 'அவன்' என்றும் டெக்சஸில் வாழ்ந்தவரை 'அவர்' என்றும் எழுதுகிறேன். மரியாதைக் கணக்கு எதுவும் இல்லை.

முதலில் படத்துக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடலாம். முதல் அரை மணி நேரம் அபாரமானது. கொள்ளைக்காரன் நீதிபதியாக மாறும் அந்தக் கணத்தை ஹஸ்டன் எவ்வளவு சாதாரணமாகக் காட்டுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். மனம் திருந்தும் காட்சி இல்லை, சபதம் இல்லை. பிணங்களுக்கு நடுவே ஒரு சட்டப் புத்தகம், ஒரு நாற்காலி, ஒரு கயிறு. வாழ்நாள் முழுக்கச் சட்டத்தை மீறியே வந்ததால் சட்டம் எனக்கு அத்துப்படி என்று அவன் சொல்லும்போது அது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை. அதிகாரம் எங்கே எப்படிப் பிறக்கிறது என்பதைப் பற்றி ஓர் அரசியல் நூல் பத்து அத்தியாயத்தில் சொல்ல வேண்டியதை அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறது. கொள்ளைக் கூட்டத்துக்கு மார்ஷல் பட்டையைக் குத்திவிடும் காட்சியும் அப்படித்தான். நேற்று வழிப்பறி என்று பெயர்; இன்று அபராதம் என்று பெயர். ஜான் மிலியஸ் எழுதிய திரைக்கதையின் கூர்மை இந்தப் பகுதியில் மழுங்காமல் இருக்கிறது.

ஆந்தனி பெர்கின்ஸின் பாதிரியார் வந்து போவது சில நிமிஷம்தான். ஆனால் இந்தப் படத்தில் நீதிபதியைப் பார்த்து உண்மையிலேயே பயப்படுகிற முகம் அது ஒன்றுதான். ஸ்டேசி கீச்சின் பேட் பாப்பைப் பற்றிச் சொல்லியாயிற்று. கரடியோடு வந்து அதை விட்டுவிட்டுப் போகும் மலைவாசிக் கிழவனாக ஹஸ்டனே நடித்திருக்கிறார். அவர் தனக்குக் கொடுத்துக்கொண்ட வேடங்களில் இது ரொம்ப ஜாலியானது.

இனி வழக்குக்கு வருவோம். படம் ஓர் எழுத்துப் பலகையோடு தொடங்குகிறது: நடந்தது இப்படி இல்லாமல் இருக்கலாம், ஆனால் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த ஒரு வரியைக் காட்டித்தான் படத்தின் ஆதரவாளர்கள் ஐம்பது வருஷமாக எல்லாக் கேள்விகளையும் தள்ளிவிடுகிறார்கள். இது கட்டுக்கதை, கிண்டல், இதில் போய் உண்மை தேடுவீர்களா என்கிறார்கள். நியாயமான எதிர்வாதம்தான். நான் கேட்பது உண்மை எங்கே என்று அல்ல. எது மாற்றப்பட்டது, யாருக்கு லாபமாக மாற்றப்பட்டது என்று கேட்கிறேன். 'இப்படி நடந்திருக்க வேண்டும்' என்று ஒருவர் சொன்னால் அது ஆசை. ஆசைக்கும் கணக்கு உண்டு.

ஜான் ஃபோர்டின் 'லிபர்ட்டி வேலன்ஸைச் சுட்ட மனிதன்' 1962இல் வந்தது. அதிலும் கட்டுக்கதைதான் ஜெயிக்கிறது. ஆனால் ஃபோர்ட் முதலில் நடந்ததை நமக்குக் காட்டுகிறார். அப்புறம் பத்திரிகைக்காரர்கள் அதைக் கிழித்துப் போடுவதைக் காட்டுகிறார். உண்மையும் பொய்யும் இரண்டுமே நம் கையில் இருக்கின்றன. பொய்க்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று நமக்குத் தெரியும். ஹஸ்டன் படத்தில் ஒரு கை காலி.

அந்தக் காலிக் கையில் இருந்திருக்க வேண்டியது என்ன? ஃபேன்ட்லி ராய் பீன் கென்டக்கியில் 1825 வாக்கில் பிறந்தவர். 1882இல் டெக்சஸின் அந்தப் பாலைநிலத்தில் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடாரங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள். அவர்களுக்குச் சாராயம் விற்க பீன் போனார். மிக அருகிலிருந்த நீதிமன்றம் ஃபோர்ட் ஸ்டாக்டனில், கிட்டத்தட்ட 200 மைல் தூரத்தில். பிடித்த ஆட்களை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போக, மாநிலப் போலீஸ் படையான டெக்சஸ் ரேஞ்சர்களுக்கு அலுப்பு. இங்கேயே ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி பேக்கோஸ் கவுண்டி அவரைச் சமாதான நீதவானாக நியமித்தது. சில்லறை வழக்குகளைக் கேட்கிற, நீதித்துறை ஏணியில் கடைசிப் படி அந்தப் பதவி. உத்தரவு கைக்கு வரும் முன்பே ரேஞ்சர்கள் கைதியைக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தத் தொடங்கியிருந்தார்கள்.

ஆக, தனக்குத் தானே நீதிபதி ஆனவர் என்ற பட்டமே பாதிப் பொய். அவரை நாற்காலியில் உட்கார வைத்தது அரசாங்கம். உட்கார வைக்கச் சொன்னது போலீஸ். அந்த நாற்காலி தேவைப்பட்டது ரயில்வேக்கு. அதன் பிறகு தேர்தலிலும் நின்றார், ஜெயித்தார், நடுவே தோற்றார், திரும்பவும் வந்தார், 1902 வரை அந்த வட்டாரத்தில் நீதிபதி என்றால் அவர்தான். 1879ஆம் ஆண்டுப் பதிப்பான டெக்சஸ் சட்டத் தொகுப்பு ஒன்றுதான் அவரிடமிருந்த சட்டப் புத்தகம். சிறைச்சாலை இல்லை, அதனால் எல்லாத் தண்டனையும் அபராதம். அபராதப் பணம் அவர் பெட்டிக்குள் போனது. மாநிலக் கருவூலத்தை எட்டியதில்லை. ஜூரிகளாக உட்கார்ந்தவர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். இடைவேளையில் அவர்கள் குடிக்கிற காசும் அவருக்கே. விவாகரத்து கொடுக்கிற அதிகாரம் அவருக்குக் கிடையாது. பத்து டாலர் வாங்கிக்கொண்டு கொடுத்தார். செத்துக் கிடந்த ஒருவரின் பையில் 40 டாலரும் ஒரு துப்பாக்கியும் இருந்தன. துப்பாக்கியை மறைத்து வைத்திருந்த குற்றத்துக்குப் பிணத்துக்கே 40 டாலர் அபராதம் போட்டார் என்பது அவரைப் பற்றிய கதைகளில் பிரசித்தமானது.

இது ஹஸ்டன் எடுத்ததைவிட நல்ல படம். ஒரு ரவுடி புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நான்தான் சட்டம் என்று கத்துவதில் நாடகம் இருக்கிறது; அதில் பயமில்லை. தேசத்தில் எங்கேயோ ஓர் ஓரத்தில் பைத்தியக்காரன் ஒருவன் அப்படி இருந்தான் என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாம். முத்திரை குத்திய நியமன உத்தரவோடு, தேர்தலில் வாக்கு வாங்கி, போலீஸ் துணையோடு ஒருவர் இருபது வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தார் என்றால் தோளைக் குலுக்க முடியாது. எல்லைப்புற நீதி என்று அமெரிக்க சினிமா கொண்டாடுகிற சமாசாரம் அரசு இல்லாத இடத்தில் முளைத்தது என்பதே கௌபாய் படங்களின் ஆதிப் பொய். பல இடங்களில் அது அரசு செலவு மிச்சம் பிடித்த இடத்தில் முளைத்தது.

இப்போது நான் இந்தப் படத்தின் மீது வைக்கும் முக்கியமான குற்றச்சாட்டு. படத்தில் சாம் டாட் என்றொரு வெள்ளைக்காரனை இழுத்து வருகிறார்கள். டேப் ஹண்டர் நடித்திருக்கிறார். ஒரு சீனனைக் கொன்றுவிட்டான். சீனனைக் கொல்லக் கூடாது என்று புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்கிறான். பீன் அசரவில்லை. எந்த நிறத்தவனைக் கொன்றாலும் கொலை கொலைதான் என்கிற மாதிரி, அந்தக் காலத்து இன வசைச் சொற்களையெல்லாம் அடுக்கி ஒரு சமத்துவப் பிரசங்கம் செய்துவிட்டு, அவனைத் தூக்கில் போடுகிறான். பார்வையாளர் கைதட்டுகிற இடம். முரடன்தான், ஆனால் நெஞ்சில் நியாயம் இருக்கிறது என்று நமக்குப் படுகிற இடம். படம் முழுக்க அவன் செய்யப்போகும் அட்டூழியங்களுக்கெல்லாம் முன்பணமாக நம் மன்னிப்பை வாங்கி வைத்துக்கொள்கிற இடமும் இதுதான்.

உண்மையான பீனைப் பற்றி டெக்சஸில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இதற்கு நேர் எதிரானது. ஓர் ஐரிஷ் தொழிலாளி ஒரு சீனத் தொழிலாளியைச் சுட்டுக் கொன்றான். குற்றவாளியின் கூட்டாளிகள் பெருங்கும்பலாக வந்து சலூனைச் சூழ்ந்துகொண்டார்கள். பீன் தன்னுடைய புத்தகத்தைப் புரட்டினார். மனிதனைக் கொல்வது குற்றம் என்று இருக்கிறது, சீனனைக் கொல்லக் கூடாது என்று எங்கும் காணோமே என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதாவது படத்தில் குற்றவாளி பேசுகிற வாதம், கதையில் நீதிபதி எழுதிய தீர்ப்பு. மிலியஸும் ஹஸ்டனும் அந்த வாதத்தை நீதிபதியின் வாயிலிருந்து பிடுங்கிக் குற்றவாளியின் வாயில் வைத்துவிட்டார்கள்.

இந்தக் கதை எழுத்துக்கு எழுத்து அப்படியே நடந்ததா என்பது பெரிய விஷயமில்லை. அந்தத் தீர்ப்பு தனி ஒரு குடிகார நீதிபதியின் கிறுக்கு அல்ல என்பதுதான் விஷயம். சீனத் தொழிலாளிகள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டது 1882 மே மாதம். பீன் பதவிக்கு வந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. அதற்கும் முன்னால், 1854இலேயே, வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்வது செல்லாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கொலை வழக்கு ஒன்றில், தண்டிக்கப்பட்ட வெள்ளைக்காரனை விடுவித்துக் கொடுத்த தீர்ப்பு. அங்கி போட்டவர்கள் உச்ச நீதிமன்றத்தில் நாசூக்கான மொழியில் சொன்னதைத்தான் பீன் சலூனில் பச்சையாகச் சொன்னார். காட்டு நீதிக்கும் நாட்டு நீதிக்கும் அந்த விஷயத்தில் கருத்து வேறுபாடே இல்லை.

இந்த இடத்தில் படம் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். எழுதிய சட்டத்தில் ஓட்டை இருக்கிறது, தனக்குத் தானே நீதிபதியான மனிதனின் மனசாட்சி அந்த ஓட்டையை அடைத்துவிடுகிறது என்று சொல்கிறது. எல்லாச் சர்வாதிகாரிகளின் ஆதரவாளர்களும் காலங்காலமாகச் சொல்லி வருகிற வாதம் இது. தன்னிச்சையான அதிகாரம் கையில் கிடைத்த மனிதன், சட்டம் கைவிட்டவர்கள் பக்கம் நிற்பான் என்பதற்கு ராய் பீனின் கதையில் ஆதாரம் கிடையாது; இருக்கிற ஆதாரம் எதிர்ப்பக்கம். 'இப்படி நடந்திருக்க வேண்டும்' என்ற அந்த முதல் பலகைக்கு இந்தக் காட்சிதான் உரைகல். உரசிப் பார்த்தால் பித்தளை.

தூக்குக் கணக்கிலும் இதே கதைதான். தூக்கு நீதிபதி என்று பெயர் வாங்கிய பீன், மரண தண்டனை விதித்ததாக அறியப்படுவது இரண்டே பேருக்கு. அதில் ஒருவன் தப்பித்துவிட்டான். குதிரைத் திருடர்களைக்கூட, குதிரையைத் திருப்பிக் கொடுத்தால் அபராதத்தோடு விட்டார். பிணத்திடம் காசு ஒரு தடவைதான் கிடைக்கும், உயிரோடு இருப்பவன் திரும்பத் திரும்பக் குடிக்க வருவான் என்ற வியாபாரப் புத்தி அவருக்கு இருந்திருக்க வேண்டும். அந்தப் பட்டத்துக்கு நியாயமான சொந்தக்காரர் வேறொருவர்: அர்க்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித்தில் கூட்டாட்சி அரசு நியமித்த நீதிபதி ஐசக் பார்க்கர். இருபத்தோரு வருஷத்தில் 160 பேருக்கு மரண தண்டனை. 79 பேர் தூக்கிலேறினார்கள். முறைப்படி வக்கீலானவர். அவரை வைத்துப் படம் எடுத்தால் தூக்கு மேடை நகைச்சுவையாகாது. பீனின் சலூனுக்குள் கொண்டுவந்து வைத்தால் ஆகிறது.

படம் வந்த வருஷத்தையும் மறக்கக் கூடாது. 1972 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்போதைய மரண தண்டனைச் சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. தண்டனை தன்னிச்சையாக விழுகிறது என்பது அந்தத் தீர்ப்பில் முக்கியமான காரணம். அதே வருஷம் டிசம்பரில், தன்னிச்சையாகத் தூக்கில் போடுகிற ஒருவனைச் செல்லப்பிள்ளையாக்கி இந்தப் படம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அதிபர் நிக்சன், சட்டம் ஒழுங்கு பற்றிப் பேச வந்த இடத்தில் ஜான் வெய்ன் நடித்த 'சிஸம்' என்ற கௌபாய் படத்தை உதாரணம் காட்டினார். நல்லவன் கெட்டவன் யார் என்று அந்தப் படங்களில் தெளிவாகத் தெரிகிறது என்று ரசித்துப் பேசிய அதே பேச்சில், கொலை வழக்கில் இன்னும் விசாரணை முடியாத சார்லஸ் மேன்சனைக் குற்றவாளி என்றும் சொல்லிவிட்டுப் பிறகு மென்று விழுங்க வேண்டியதாயிற்று. நாட்டின் முதல் குடிமகனே கௌபாய் படத்தை நீதிசாஸ்திரமாகப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் தூக்குக் கயிற்றை வைத்து ஜோக் அடித்தால் அது வெறும் ஜோக்காக நிற்காது.

இதில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரிப்பது சுவாரசியமானது. மிலியஸ் தன் திரைக்கதையை 3 லட்சம் டாலருக்கு விற்றார் என்று சொல்வார்கள். அன்றைக்கு அது வாயைப் பிளக்க வைத்த தொகை. தானே இயக்க வேண்டும், வாரன் ஓட்ஸ் போல முகத்திலேயே முரட்டுத்தனம் எழுதியிருக்கிற ஒருவர் நடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கிடைத்தவர் பால் நியூமன். வந்த படத்தைப் பற்றிப் பின்னாளில் கசப்போடுதான் பேசினார். மிலியஸின் அரசியலை நான் ஏற்பவன் அல்ல. பலசாலியைப் பார்த்தால் உருகிவிடுகிற எழுத்து அவருடையது. ஆனால் இந்தப் புகாரில் அவர் பக்கம்தான் நியாயம். அவர் எழுதிய பீன் வசீகரமும் அருவருப்பும் கலந்தவன். தூக்கில் போட்டுவிட்டுச் சட்டைப்பையைத் துழாவும்போது நமக்குக் குமட்ட வேண்டும்.

நியூமன் தாடி வைத்துக்கொண்டார், குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டார், முதுகைக் கூனிக்கொண்டார். அந்த நீலக் கண்களை என்ன செய்வது? குமட்ட வேண்டிய இடத்திலெல்லாம் நமக்கு அவனைப் பிடித்துப்போகிறது. தயாரித்த நிறுவனம் ஃபர்ஸ்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ், நியூமனும் வேறு சில நட்சத்திரங்களும் சேர்ந்து நடத்தியது. தன் சொந்தக் கம்பெனிப் படத்தில் நட்சத்திரம் வெறுக்கத்தக்கவனாக வருவது எந்த நாட்டுச் சினிமாவிலும் அபூர்வம். போதாக்குறைக்கு, பீனும் மரியா எலெனாவும் கரடியும் உல்லாசமாகப் பொழுதுபோக்கும் ஒரு பாட்டுக் காட்சி. மூன்று வருஷம் முன்பு 'புட்ச் கேசிடி'யில் நியூமன் சைக்கிள் ஓட்டிய பாட்டு சக்கைப்போடு போட்டது. அதைப் பார்த்து ஆசைப்பட்டுச் சூடு போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது. பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வாங்கியது. படத்தின் முதுகெலும்பை அந்த நாலு நிமிஷம் வாங்கிவிட்டது.

இதே வருஷம் இதே ஹஸ்டன் 'ஃபேட் சிட்டி' எடுத்தார். தோற்றுப்போன குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி, துளி சர்க்கரை சேர்க்காமல், அவர் வாழ்க்கையிலேயே தலைசிறந்த படங்களில் ஒன்று. அதை எடுத்த கைதான் இதையும் எடுத்தது என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது. பெயரில்லாத மனிதர்களிடம் அவரால் நேர்மையாக இருக்க முடிந்தது. ஒரு புராண புருஷன் எதிரே வந்ததும் அவர் கதாகாலட்சேபக்காரராகிவிட்டார்.

கதை சொல்லும் முறையையும் பார்க்க வேண்டும். ஒருவர் மாற்றி ஒருவர் நம்மைப் பார்த்து பீனின் கதையைச் சொல்கிறார்கள். செத்துப்போன பாதிரியார்கூட மறுலோகத்திலிருந்து வந்து சாட்சி சொல்கிறார். நல்ல உத்தி. ஒவ்வொரு சாட்சியும் முந்தையவரை மறுத்திருந்தால் பெரிய உத்தி. ஆனால் வருகிற எல்லாச் சாட்சியும் ஏறக்குறைய ஒரே ராகம்தான் பாடுகிறது. தூக்கில் தொங்கியவர்களின் பெண்டாட்டியோ பிள்ளையோ அண்ணன் தம்பியோ வந்து ஒரு வார்த்தை சொல்வதில்லை. எதிர்த்தரப்பில் சாட்சியே கூப்பிடாத விசாரணை இது. பீனின் சலூனில் நடக்கிற விசாரணைகளும் இப்படித்தான்.

படம் தன் நாயகனை உண்மையிலேயே எடைபோட நெருங்குகிற இடம் ஒன்று உண்டு. மார்ஷல்களோடு வாழ வேண்டும் என்று அவன் 'தண்டனை' விதித்த விலைமாதர்கள், காலப்போக்கில் ஊரின் கௌரவமான குடும்பப் பெண்களாகிவிடுகிறார்கள். பழைய பெயரைச் சொல்லி அழைத்ததற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள். அவன் கேட்கிறான், கேட்கிற மன்னிப்பே இன்னொரு வசையாக இருக்கிறது. அந்தப் பெண்களின் முகத்தில் ஊர் தன்னை உருவாக்கியவனை விட்டு நகர்ந்து போய்விட்டது தெரிகிறது. ஒழுங்கைக் கொண்டுவந்த காட்டான் ஒழுங்கு வந்ததும் வேண்டாதவனாகிவிடுகிறான் என்பது கௌபாய் படங்களின் பழைய துயரம். ஆனால் ஹஸ்டன் அங்கே நிற்காமல், அந்தப் பெண்களைச் சிரிப்புக்குரிய போலிக் கௌரவக்காரிகளாக்கிவிட்டு மேலே போய்விடுகிறார். தங்களுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

ராடி மெக்டவலின் வக்கீல் ஃபிராங்க் காஸ் விஷயமும் இப்படித்தான் வீணாகிறது. அவன் நிலப் பத்திரத்தோடு வருகிறான், பீன் அவனைக் கரடிக் கூண்டில் தள்ளுகிறான், எல்லாரும் சிரிக்கிறோம். பிறகு அந்த வக்கீல் ஊரைப் பிடித்து, எண்ணெய் முதலாளியாகி, அடியாட்களை வைத்து ஆள்கிறான். துப்பாக்கிக்காரனின் கொடுமையைவிடப் பத்திரக்காரனின் கொடுமை பெரிது என்கிறது படம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இருவரும் ஒரே தொழிலில் முன்னவனும் பின்னவனும் என்பதைப் படம் பார்க்க மறுக்கிறது. செத்தவன் பணத்தை எடுத்து ஊர் கட்டியவன்தான் காஸுக்குப் பாதை போட்டுக் கொடுத்தவன். கடைசிச் சண்டையில் கிழவனும் அவன் பழைய மார்ஷல்களும் ஊரைக் கொளுத்தும்போது நீதி வென்றதாக நாம் நம்ப வேண்டியிருக்கிறது. யார் என்று கேட்பவர்களிடம் தன் பெயரைச் சொல்லாமல் 'நீதி' என்று சொல்லிக்கொள்கிறான். முதல் அரை மணி நேரத்தில் அதே வார்த்தை அவன் வாயில் கொச்சையாக ஒலித்தது. இப்போது இசை எழும்புகிறது, குதிரை பாய்கிறது, கிண்டல் எங்கேயோ போய்விட்டது. நடுவில் இருபது வருஷத்தை ஒரே தாண்டாகத் தாண்டியதில் அவன் எப்போது புனிதனானான் என்பதும் தொலைந்துபோனது.

முடிவுக் காட்சி அழகானது, மறுக்கவில்லை. லில்லி லாங்ட்ரியாக ஏவா கார்ட்னர் ரயிலிலிருந்து இறங்குகிறார். தன்னை ஒருநாளும் நேரில் பார்த்திராத ஒருவன் தனக்காக வைத்திருந்த சலூனைச் சுற்றிப் பார்க்கிறார், அவன் எழுதிய கடிதத்தைப் படிக்கிறார். கார்ட்னரின் முகத்தில் ஐந்து நிமிஷத்தில் ஓடுவதை மற்றவர்கள் முழுப் படத்தில் கொண்டுவரவில்லை. நிஜத்திலும் பீன் லில்லியைச் சந்தித்ததில்லை. 1903 மார்ச்சில் குடித்துக் குடித்து பீன் படுக்கையில் செத்தார். 1904 ஜனவரியில், பத்து மாதம் கழித்து, லாங்ட்ரி அம்மையார் பீனின் ஊருக்கு வந்து இறங்கினார். ஊரின் பெயரும் லாங்ட்ரி; தன் ஆராதனைக்குரியவரின் பெயரைத்தான் ஊருக்கு வைத்ததாக பீன் சொல்லிக்கொண்டிருந்தார். அது ரயில்வேயில் வேலைபார்த்த ஜார்ஜ் லாங்ட்ரி என்பவரின் பெயர் என்பார்கள். சலூன் பெயர்ப்பலகையில் லில்லியின் பெயரிலேயே எழுத்துப் பிழை. இவ்வளவு கச்சிதமான சோகச் சிரிப்பு கையில் இருக்கும்போது, அவனை நெருப்பில் எரியும் வீரனாக்கியது எதற்கு?

இதே மனிதரை வைத்து 1940இல் வில்லியம் வைலர் 'வெஸ்டர்னர்' எடுத்தார். அதுவும் வரலாற்றைக் கொத்துப் பரோட்டா போட்ட படம்தான். அதில் பீன் சாவது ஒரு நாடக அரங்கில், எல்லா டிக்கெட்டையும் தானே வாங்கிக்கொண்டு லில்லிக்காகத் தனியே உட்கார்ந்திருக்கும்போது. ஆனால் பீனாக நடித்த வால்டர் பிரென்னனைப் பாருங்கள். அந்த வேடத்துக்காக மூன்றாவது ஆஸ்கர் வாங்கினார். லில்லியின் கூந்தல் இழை ஒன்று தன்னிடம் இருப்பதாக கேரி கூப்பர் புளுகும்போது அவர் கண்ணில் ஒரு குழந்தையின் பேராசை மின்னும். அதே கண் படத்தின் தொடக்கத்தில் ஒரு குடியானவனை, மாட்டைச் சுட்டுவிட்ட குற்றத்துக்காக, தூக்குக்கு அனுப்பும்போது இமைக்காது. நமக்கு அவரைப் பிடிக்கிறது, பயமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில். பயிர்களை அவர் ஆட்கள் கொளுத்துகிறார்கள். அந்தத் தீயில் அப்பாவை இழந்த பெண்ணின் முகத்தை வைலர் நம் முன்னால் வைக்கிறார். கூப்பர் நண்பனைச் சுடப் போவதற்கு முன் முறைப்படி டெபுட்டியாகப் பதவி ஏற்றுக்கொண்டு கையில் வாரண்டோடு போகிறார். பழங்காலத்துப் படம் என்று சிலர் உதட்டைப் பிதுக்கலாம். ஆனால் கொடுங்கோலனை நேசித்தபடியே அவனுக்கு எதிராகத் தீர்ப்பு எழுத முடியும் என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருந்தது. முப்பத்திரண்டு வருஷம் கழித்து, எவ்வளவோ சுதந்திரம் கிடைத்த பிறகு, வைலரைவிடப் பெரிய இயக்குநரால் அது முடியவில்லை.

'நீதிபதி ராய் பீன்' காட்சிகளாக உயர்ந்தும், படமாகத் தாழ்ந்தும் நிற்கிறது. பேட் பாப்புக்காகவும், பாதிரியாருக்காகவும், கார்ட்னரின் கடைசி ஐந்து நிமிஷத்துக்காகவும் பார்க்கலாம். திறனாய்வாக, கிண்டலாக, எல்லைப்புற நீதியின் விசாரணையாக அது தேறவில்லை. இரண்டையும் பார்க்க நேரமுள்ளவர்கள் வைலரின் படத்தை முதலில் பார்த்துவிட வேண்டுகிறேன். நியூமனைப் பார்த்த பிறகு பிரென்னனைப் பார்த்தால் அந்தக் கிழவனின் குரூரம் கண்ணுக்குப் படாமல் போய்விடும்.